கவிதையை வாசித்தலும் நயம் எழுதுதலும்: ஓர் ஊர்ப்பெயரை முன்வைத்துச் சில கருத்துக்கள்

ஈழத்துப் பாடசாலைகளிலே தமிழ் பயிலும் மாணவருக்குக் கவிதை பெரும்பாலும் ஒரு பரீட்சை வினாவின் வடிவிலேயே முதன்முதல் அறிமுகமாகின்றது. தரப்பட்ட செய்யுளின் திரண்ட பொருளை எழுதுதல், அதில் அமைந்த அணிகளை எடுத்துக் காட்டுதல், எதுகை மோனைச் சிறப்பினை விளக்குதல் என்றவாறு அமைந்த பயிற்சிக்கு ‘நயம் எழுதுதல்’ என்று பெயர். இப்பயிற்சியிலே தேர்ச்சிபெற்ற மாணவன் ஒருவன், தான் முன்னர் கண்டிராத பாட்டொன்றிலும் உவமையையும் உருவகத்தையும் விரைந்து கண்டுபிடித்துவிடுவான். ஆயின், அப்பாட்டிலே பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகின்றார், பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் நிகழ்ந்த மாற்றம் யாது என்று வினவினால் அவன் இடர்ப்படுதல் கூடும். அணிகளை எண்ணத் தெரிந்த ஒருவருக்குப் பாட்டை வாசிக்கத் தெரியாதிருப்பது நகைப்புக்குரிய செய்தியன்று. கற்பித்தலின் அடிப்படையிலேயே உள்ள ஒரு கோளாற்றினை அது சுட்டுகின்றது.

இக்கோளாறு நெடுங்காலத்துக்கு முன்னரே உணரப்பட்டதாகும். க. கைலாசபதியும் இ. முருகையனும் இணைந்து எழுதிய ‘கவிதை நயம்’ என்னும் நூல் 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. திறனாய்வாளர் ஒருவரும் கவிஞர் ஒருவரும் சேர்ந்து கவிதையை அனுபவிக்கும் முறைபற்றி மாணவருக்கும் பொது வாசகருக்கும் எடுத்துரைக்க முற்பட்டமை அன்றைய சூழலில் மனங்கொள்ளத்தக்க நிகழ்ச்சியாகும். கைலாசபதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் சங்கப் பாடல்களை ஆராய்ந்து, அவ்வாய்வினை 1968இல் நூலாக வெளியிட்டவர். முருகையன் தென்மராட்சியிலுள்ள கல்வயலிற் பிறந்தவர், அறிவியற் பட்டதாரி, பா நாடகங்கள் பல இயற்றியவர். நூலின் பெயர் பழைய பரீட்சைச் சொல்லாகவே அமைந்தபோதிலும், அச்சொல்லுக்கு வேறொரு பொருளைத் தேடும் தேவை அக்காலத்தில் எழுந்திருந்தது என்பதை இக்கூட்டு முயற்சி காட்டுகின்றது. அத்தேவை இன்றும் நிறைவேறவில்லை. எனவே, கவிதையை வாசித்தல் என்பது எத்தகைய செயல் என்ற வினாவை மீண்டும் எழுப்புதல் பொருத்தமாகும்.

சொற்பொருளும் ஊர்வழக்கும்

கவிதை வாசிப்பின் முதற்படி சொற்களின் நேர்ப்பொருளை அறிதலாகும். குறிப்புப் பொருளைத் தேடும் அவசரத்தில் இப்படியைத் தாண்டிச் செல்வோர் பலர். கல்வயலுக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள கொடிகாமம் என்னும் ஊரின் பெயர் ஒரு கவிதையில் இடம்பெறுகின்றது என்று கொள்ளலாம். அவ்வூரை அறியாத வாசகர், அதிலும் குறிப்பாகக் கடலுக்கு அப்பாலுள்ள தமிழ் வாசகர், அப்பெயரிலே ‘காமம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் அகப்பொருளை நினைத்தல் இயல்பே. கொடியும் காமமும் சேர்ந்தால் தழுவிப் படர்தல் முதலிய கற்பனைகள் விரைந்து தோன்றும். அவற்றை விரித்து ஒரு பக்கம் நயமும் எழுதிவிடலாம். ஆயின், வலிகாமம், கதிர்காமம், வீமன்காமம், தம்பகாமம் ஆகிய பெயர்களோடு இதனை ஒப்புநோக்குமிடத்து, ‘காமம்’ என்பது ஊர் எனும் பொருளில் வழங்கும் ஈறு என்பது தெளிவாகும். வடமொழிக் ‘கிராமம்’, சிங்களக் ‘கம’ என்பவற்றோடு உறவுடைய சொல் அது. ஆகவே, மேற்கூறிய வாசிப்பு ‘மற்றொரு வாசிப்பு’ அன்று; பிழையான வாசிப்பேயாகும்.

இதற்கு மாறாக, ஒரு கவிஞர் அப்பெயரில் உள்ள இரட்டைப் பொருளைத் தெரிந்தே பயன்படுத்தவும் கூடும். அவ்வாறு பயன்படுத்தினால், ஊரெனும் பொருளை முதலில் அறிந்த வாசகரே அச்சிலேடையின் சுவையை உணர முடியும். நேர்ப்பொருள் கைவசமில்லாதவருக்குக் குறிப்புப்பொருளும் கைகூடுவதில்லை.

மற்றோர் எடுத்துக்காட்டினையும் நோக்கலாம். கொடிகாமத்திலிருந்து வரணி வழியாகப் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் ஒருகாலத்தில் ‘தட்டிவான்’ எனப்பட்ட வாகனங்கள் ஓடின. பலகையாலமைந்த உடலையுடைய அப்பழைய மோட்டார் வாகனங்கள் புகையிரதத்தால் வந்திறங்கிய பயணிகளையும் சந்தைக்குப் போகும் மூட்டைகளையும் ஒருங்கே ஏற்றிச் சென்றன. கவிதையொன்றில் இச்சொல் வருமாயின், ‘வான்’ என்பதை ஆகாயம் எனக் கொண்டு பொருள்காண முற்படுவோர் இருத்தல் கூடும். வடலி, கிடுகு, படலை, ஒழுங்கை என்பன போன்ற சொற்களுக்கும் இது பொருந்தும். அகராதி இச்சொற்களின் பொருளைத் தரும். அவை வழங்கும் வாழ்க்கையைத் தராது. ஒழுங்கை என்பது குறுகிய பாதை என்று அகராதி கூறக்கூடும். இருபுறமும் வேலிகள் நெருங்கி நிற்க, எதிரே வருபவர் யாரென்று பார்த்தே நடக்க வேண்டிய பாதை அது என்பதை அவ்வாழ்க்கையை அறிந்தவரே கூறமுடியும். ஆகவே, ஊர்வழக்கை விசாரித்து அறிதல் கவிதை வாசிப்புக்குப் புறம்பான வேலையன்று.

கூற்றும் களனும்

சொற்பொருள் தெளிந்த பின்னர் எழும் வினா, அச்சொற்களைக் கூறுபவர் யார் என்பதாகும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே ஐ. ஏ. றிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், ஆசிரியர் பெயரும் காலமும் குறிக்கப்படாத பாடல்களை மாணவரிடம் கொடுத்து அவர்தம் கருத்துக்களைப் பெற்று, 1929ஆம் ஆண்டிலே அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். நன்கு கற்ற மாணவரும் பாட்டின் நேர்ப்பொருளையே பிழைபட உணர்ந்திருந்தமை அவ்வாய்வினால் வெளிப்பட்டது. ஒரு கூற்றின் பொருள் ஒன்றன்று; சொல்லப்படும் செய்தி, அதன்பாற் கூறுவோர் கொண்ட உணர்ச்சி, கேட்போரிடம் அவர் கொண்ட மனப்பாங்கு, அவரது நோக்கம் என நால்வகைப்படும் என்பது றிச்சர்ட்ஸின் முடிபு. நவீன விமர்சனத்துக்கு இது பெருந்துணை புரிந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும், தமிழிலே இத்தகைய நோக்கு புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புக்களை வகுக்கின்றது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்பனவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அங்கே உறுப்புக்களாக எண்ணப்படுகின்றன. ஓசையின் கூறுகளும் சூழலின் கூறுகளும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்னார் இன்னாருக்குக் கூறினார் என்பதைக் கூற்றின் இயல்பைக்கொண்டே உய்த்துணரச் செய்வது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ எஞ்சி நிற்பதை உணரச் செய்வது எச்சம். பிற்காலத்தில் யாப்பும் அணியும் தனித்தனி நூல்களாக வளர்ச்சியடைந்தபோது, இவ்வுறுப்புக்கள் கற்பித்தலிற் பின்தள்ளப்பட்டன. பரீட்சை நயத்துக்குக் கிடைத்தது அப்பிற்கால மரபின் ஒரு பகுதி மட்டுமேயாகும்.

கூற்றும் களனும் காலமும் ஒரு தொடரின் பொருளை எவ்வளவு தூரம் மாற்றவல்லன என்பதற்கு மிக எளிய வாக்கியமொன்றே போதுமானது. ‘கொடிகாமம் வந்துவிட்டது’ என்பது அவ்வாக்கியம். உவமையில்லை, உருவகமில்லை, அடைமொழி தானும் இல்லை. 1956ஆம் ஆண்டு சேவையைத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதத்திலே, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் எழுதுவினைஞர் ஒருவர் 1960களில் இதனைக் கூறுவாராயின், ஆனையிறவும் பளையும் கடந்தாயிற்று, வீடு அண்மித்துவிட்டது, பெட்டிகளை இறக்கி வைக்கலாம் என்பதே பொருள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்வின்போது, வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து மழையில் நடந்து வந்த தாயொருத்தி தன் பிள்ளைகளுக்கு இதனைக் கூறுவாளாயின், அதன் பொருள் வீடு தொலைவாகிவிட்டது என்பதாகும். 1990இல் நின்றுபோன புகையிரத சேவை 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை மீண்டபோது, 24 ஆண்டுகளின் பின் அவ்வழியே பயணஞ்செய்த ஒருவர் கூறுவாராயின், அங்கே மகிழ்ச்சியோடு வேறொன்றும் கலந்திருக்கும். தாம் இறங்கப்போகும் ஊர் தாம் விட்டுப்போன ஊர்தானா என்ற ஐயம் அது.

மூன்று கூற்றுக்களிலும் சொற்கள் ஒன்றே, இலக்கணம் ஒன்றே, ‘திரண்ட பொருள்’ எழுதுமாறு கேட்டால் மூன்றுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். ஆயின், முதலாவது கூற்றிலே ‘வந்துவிட்டது’ என்ற துணைவினை நிறைவைக் குறிக்கின்றது. இரண்டாவதிலே அது இழப்பைக் குறிக்கின்றது. மூன்றாவதிலே நிறைவும் இழப்பும் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன. ‘விடு’ என்னும் துணைவினைக்குத் தமிழில் இத்தகைய ஆற்றல் உண்டு என்பதை இலக்கண வகுப்பில் கற்பிக்கலாம். அவ்வாற்றல் எங்கே, எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் கவிதை வகுப்பிலேயே காட்டமுடியும்.

ஓசையும் பேச்சும்

கொடிகாமச் சந்தையிலே தேங்காய் வாங்குவோர் அதன் பருமனை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. கையில் எடுத்துக் குலுக்கியும் தட்டியும் காதால் ஆராய்வர். கவிதைக்கும் இது வேண்டியதே. ஆனால், வகுப்பறையிலே கவிதை பெரும்பாலும் கண்ணால் மட்டுமே வாசிக்கப்படுகின்றது. வாய்விட்டு வாசிக்கும் சந்தர்ப்பத்திலும் ஒன்றிற் சீர்சீராக வெட்டி வாசித்தல், அன்றேல் உரைநடைபோல் ஓட்டமாக வாசித்தல் என்ற இரு வழிகளே பெருவழக்காக உள்ளன.

மஹாகவி எனப் புகழ்பெற்ற து. உருத்திரமூர்த்தியும் முருகையனும் ஈழத்துக் கவிதையிற் செய்த சாதனைகளுள் ஒன்று, மரபுவழி யாப்பினுள்ளே பேச்சோசையைப் புகுத்தியமையாகும். யாப்பின் எல்லையில் வாக்கியம் முடியாது. வாக்கியம் அடியைக் கடந்து சென்று அடுத்த அடியின் நடுவே நிற்கும். அங்ஙனம் நிற்குமிடத்திலேதான் பேசுபவரின் தயக்கமோ சினமோ எள்ளலோ வெளிப்படும். யாப்பு எதிர்பார்க்கும் நிறுத்தமும் பேச்சு வேண்டும் நிறுத்தமும் வேறுபடுவதனால் உண்டாகும் இறுக்கமே இவ்வகைக் கவிதையின் உயிர்நிலை. சீர்பிரித்து வாசிப்பவர் பேச்சினை இழக்கின்றார். உரைநடையாக வாசிப்பவர் யாப்பினை இழக்கின்றார். இரண்டையும் ஒருங்கே காதில் வைத்து வாசிக்கும் பயிற்சி இல்லாதவிடத்து, இக்கவிஞர்கள் எளிய செய்திகளை எளிய செய்யுளில் எழுதியவர்கள் போலவே தோன்றுவர். முருகையன் ‘கடூழியம்’ முதலிய பா நாடகங்களை எழுதியமையும் இதனோடு தொடர்புடையதே. மேடையிலே நடிகர் வாயிற் பேச்சாக ஒலிக்க இயலாத செய்யுள் அங்கே நிலைக்கமாட்டாது.

முழுமையும் வரலாறும்

இதுகாறும் கூறியவை சொல், கூற்று, ஓசை எனத் தனித்தனியே நோக்கப்பட்டன. ஒரு கவிதையிலே இவை எவ்வாறு ஒன்றிணைகின்றன என்பதை மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ நன்கு காட்டும். ஊர் கூடித் தேரிழுக்கும் திருவிழாவுக்கு அழைப்பு விடுத்து அக்கவிதை தொடங்குகின்றது. வடம் பிடிக்க இளைஞனொருவன் வருகின்றான். அவனது சாதியைக் கூறாது, உலகத்தாய் பெற்ற மகன், உழைப்பாளி, சந்திரனைத் தொட்டு மீண்டவனின் தம்பி என்றே கவிதை அவனை அறிமுகஞ் செய்கின்றது. பின்னர் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகக் கட்டளைகள் எழுகின்றன. இறுதியில் அவன் மண்ணில் வீழ்கின்றான். தேர் மீதுள்ள அன்னை ஊமையாய் இருக்கின்றாள்.

இக்கவிதையில் தேர் ஒரு குறியீடு, திங்கள் மற்றொரு குறியீடு என்று எழுதி முடித்தல் எளிது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும், 1969ஆம் ஆண்டு யூலையில் மனிதன் சந்திரனிற் கால்பதித்தமையையும் குறிப்பிட்டு, இது தீண்டாமையைக் கண்டிக்கும் கவிதை என்று முடித்தலும் எளிது. இரண்டாவது குறிப்பு இன்றியமையாதது. அதனை அறியாதவருக்குக் கவிதையின் சினம் விளங்காது. ஆயினும், இவ்விரு விடைகளும் ஒரு செய்தியைக் காணத் தவறுகின்றன. கவிதையின் தொடக்க அழைப்பு வாசகரை நோக்கியது. ‘நாமும்’ வடம் பிடிக்கச் செல்கின்றோம். ஆகவே, கொலைக்கான கட்டளைகள் எழும்பொழுது வாசகர் வெளியே நின்று பார்ப்பவர் அல்லர். அவற்றை எழுப்பும் கூட்டத்தின் நடுவே நிற்பவர். அழைப்பைத் தாங்கிய அதே ஓசைதான் கட்டளைகளையும் தாங்குகின்றது. திருவிழாவின் உற்சாகம் எவ்விடத்திற் கொலைவெறியாயிற்று என்று விரல்வைத்துக் காட்டமுடியாதவாறு அது தொடர்கின்றது. கேட்போர் யார் என்ற பழைய வினாவை எழுப்பாதவர் இதனைக் காணமாட்டார். கண்டவருக்கோ தீண்டாமைக் கண்டனம் என்பது பிறர்மீதான கண்டனமாக மட்டும் நின்றுவிடாது.

வரலாறு வாசிப்புக்குத் துணையா, தடையா என்ற வாதம் ஈழத்து விமர்சன உலகில் நெடுங்காலம் நிகழ்ந்ததாகும். துணை என்பதற்குக் கைலாசபதியின் சங்க இலக்கிய ஆய்வே தக்க சான்று. சங்கப் பாடல்களில் ஒரே தொடர்கள் மீண்டும் மீண்டும் வருதலைப் பிற்காலப் புலவன் முற்காலத்தவனைப் பின்பற்றியதாகக் கருதும் போக்கிருக்க, வாய்மொழிப் பாடலாக்கத்தின் இயல்பாக அதனை அவர் விளக்கினார். அவ்விளக்கத்தின் பின்னர் அப்பாடல்களைக் கேட்கும் காதே மாறிவிடுகின்றது. ஆயின், பின்வந்தோரிற் சிலர் பின்னணியை விரித்துரைத்துவிட்டால் கவிதையை விளக்கியாயிற்று எனக் கருதினர். பின்னணி கவிதைக்குள் எங்கே, எச்சொல்லில், எந்த நிறுத்தத்தில் தொழிற்படுகின்றது என்று காட்டாதவரை அது வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே எஞ்சும்.

வாசிப்பின் எல்லை

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். 1960களின் கவிஞரொருவர் புகையிரதப் பயணியின் கூற்றாகக் ‘கொடிகாமம் வந்துவிட்டது’ என்று எழுதியிருப்பின், 1995க்குப் பின் வாசிப்பவர் அதில் இடப்பெயர்வின் நிழலைக் காணல் தகுமா? கவிஞரின் நோக்கமே எல்லையென்பார் தகாதென்பர். வாசகரே பொருளை ஆக்குகின்றார் என்பார் தகுமென்பர். இரண்டும் முழுமையான விடைகளல்ல. அந்நிழல் கவிதை தரும் பொருளன்று. கவிதைமேற் காலம் படியவைத்தது. அதனைக் கவிஞரின் கூற்றாக எழுதுதல் பிழை. ஆனால், அது தோன்றவேயில்லை என்று மறைத்தலும் நேர்மையாகாது. நெஞ்சில் ஊரின் துயரைச் சுமக்கும் வாசகர் முதலில் அக்கவிதையின் மகிழ்ச்சியை அதன் சொந்தக் காலத்தில் வைத்து உணரவேண்டும். பின்னரே அம்மகிழ்ச்சி இன்று ஏன் வலிக்கின்றது என்று கூறலாம். அவ்வரிசை மாறினால் கவிதையும் தப்பாது, வரலாறும் தப்பாது. ‘காமம்’ என்பதைப் பிழைபடக் கொண்டவரின் வாசிப்பு அறியாமையால் வந்தது. இவ்வாசிப்பு அறிவினால் வருவது. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே திறனாய்வின் பணி.

இவ்வேறுபாடு வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984இலும், ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் தொகுதி 1985இலும் வெளிவந்தன. அக்கவிதைகளின் முதல் வாசகர்கள் அவற்றின் களனையும் காலத்தையும் தம் வாழ்க்கையிலேயே கொண்டிருந்தனர். எவரும் அவர்களுக்கு அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிவுற்ற காலத்தையொட்டிப் பிறந்தவர்கள் இன்று பல்கலைக்கழக வயதை எட்டுகின்றனர். அவர்களுக்கு அக்கவிதைகள் இரண்டு ஆபத்துக்களுக்கிடையே கையளிக்கப்படுகின்றன. அவற்றைச் சாட்சியங்களாக மட்டும் வாசித்தால், பத்திரிகைச் செய்தியொன்று அவற்றினும் விரிவான சாட்சியமாகிவிடும். கவிதை எதற்கு என்ற வினாவுக்கு விடை இராது. உருவகச் சிறப்புக்காக மட்டும் வாசித்தால், மனிதர் பட்ட துன்பம் மொழியழகுக்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடும். கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்பவற்றை ஓசையோடு சேர்த்து நோக்கும் வாசிப்பே இவ்விரண்டினின்றும் அவற்றைக் காக்கவல்லது.

கற்பித்தலில் இதற்குப் பெருஞ்சீர்திருத்தம் தேவையில்லை. பாட்டை இருமுறையேனும் வாய்விட்டு வாசித்தல். விளங்காத சொல்லை, ஊர்ப்பெயராயினும், விசாரித்து அறிதல். பேசுபவரையும் கேட்பவரையும் இடத்தையும் காலத்தையும் பாட்டின் சொற்களைக்கொண்டே நிறுவுதல். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மாறியது யாதெனக் காணுதல். சொல்லாமல் விடப்பட்டதை உசாவுதல் என்னும் வரிசையிலே வகுப்பு அமையுமாயின், அணிகளைப் பற்றிய வினா இறுதியில் எழுந்தாலும் இழுக்கில்லை. அப்பொழுது ‘இதில் உவமை உண்டு’ என்று மாணவன் எழுதமாட்டான். இவர், இவருக்கு, இவ்விடத்தில் இதனைக் கூறும்பொழுது அவ்வுவமை ஏன் வேண்டியிருந்தது என்று எழுதுவான். கைலாசபதி 1982இலும் முருகையன் 2009இலும் மறைந்தனர். அவர்கள் 1970இல் தம் நூலின் தலைப்பில் வைத்த ‘நயம்’ என்னும் சொல்லைப் பரீட்சைத் தாளிலிருந்து மீட்டுக் கவிதைக்கு உரியதாக்கும் பொறுப்பு இன்று தமிழைக் கற்பிப்போரிடமும் கற்போரிடமும் உள்ளது.